மூன்றாம் அடுக்கு

காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்காரர் மோட்டார் போடுவார். தொட்டி என் அறைக்கு மேலே. தண்ணீர் விழும் சத்தத்தில் எழுந்துவிடுவேன். படுக்கையைச் சுருட்டி வைப்பேன். பல் துலக்குவேன். ஒரு ஆளுக்குத் தேநீர் போடுவேன். முதல் இரண்டு மாதம் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்துப் பாதியைக் கொட்டினேன். இப்போது கை சரியாக அளக்கிறது. ஆறேகாலுக்குத் தொட்டி நிறைந்து வழியும். கீழே போய் மோட்டாரை நிறுத்துவேன். வீட்டுக்காரர் அதைப் போட்டுவிட்டு, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஏதாவது ஒரு கைக்கடிகாரத்துக்குள் போயிருப்பார். ஏழு மணிக்குப் பெரியவள் வாசல் கதவில் பால்காரருக்கு ஒரு சீட்டுச் செருகுவாள். ஏழரைக்குச் சின்னவள் குளியலறைக் கதவைத் தட்டுவாள். எட்டு மணிக்கு நான் தண்ணீர் வாரிய அலுவலகத்துக்குக் கிளம்புவேன். மண்ணுக்கடியில் குழாய் போகும் பாதைகளை வரைபடத்தில் குறிப்பது என் வேலை.

நானும் என் மனைவியும் இந்த மாடிக்கு வந்து இரண்டு வருடம். அவள் போய்ப் பத்து மாதம்.

கீழே நான்கு பேர். வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர். வீட்டுக்காரம்மா திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பவர். அவர்களுடைய இரண்டு பெண்களில் பெரியவளுக்கு வயது முப்பத்து நான்கு, பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். சின்னவளுக்கு இருபத்தேழு, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளப்பவள். சின்னவளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. பெரியவளுக்கு இன்னும் இல்லை. இதைப் பற்றிப் பேசத் தெருவில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

வீடு முழுக்கப் பெரியவளின் கையெழுத்து. உப்பு, சர்க்கரை, பொத்தான், நூல், எல்லா டப்பாவிலும். சாவி மாட்டும் ஆணிகளின் கீழே. மின்சாரப் பெட்டியில் எந்த விசைக்கு எந்த அறை என்று. பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்களில் பன்னிரண்டு வருடமாகப் பெயர் எழுதுவதும் அவள்தான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் எதிலாவது ஜெயித்தார்கள் என்பதற்கு அவள் எழுத்துத்தான் சாட்சி.

கல்யாணப் பத்திரிகையை மாப்பிள்ளை வீட்டில் அச்சடித்து அனுப்பினார்கள். கவரில் பெயர் எழுதுவது பெண் வீட்டு வேலை. தடித்த, வெண்ணெய் நிறக் கவர்கள், இருநூறு. அவை வருவதற்கு மூன்று வாரம் முன்பே பெரியவள் பட்டை நிப்பு ஒன்றும் கறுப்பு மையும் வாங்கி, பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். வீட்டில் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். முன்பெல்லாம் சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து என் மனைவியிடம் பேசுவாள். இப்போது என்னிடம் பேசுகிறாள். நான் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. அது அவளுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் நான் கீழே சாப்பிட வேண்டும் என்பது வீட்டுக்காரம்மாவின் உத்தரவு. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சின்னவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, கவர் எழுத ஆள் பாத்தாச்சு."

பெரியவள் எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள்.

"என்ன ஆளு?"

"எழுதுறவர். எங்க கடைக்குக் கண்ணாடி மாத்த வந்தாரு. சும்மா ஒரு காகிதத்துல என் பேர எழுதிக் குடுத்தாரு பாரு, அப்படியே கண்ணுல ஒத்திக்கலாம்."

"கண்ணு தெரியாமத்தான வந்திருக்கான்."

"அக்கா."

"இல்ல, கேக்குறேன். வெளியாள் எதுக்கு? ரெண்டு நாள்ல நான் முடிச்சுடுவேன். என் எழுத்துக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல்னு யாரு சொன்னா? உன் எழுத்து சர்டிபிகேட் எழுத்து. வாங்குறவங்களுக்குச் சாக்கு ஓட்டத்துல ஜெயிச்ச மாதிரி இருக்கும்."

வீட்டுக்காரர் சிரித்தார். மனைவி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"அவனுக்கு இதான் தொழிலா?" என்றாள் பெரியவள்.

"இதுவும் செய்றாரு. காலைல பேக்கரியில இருக்காரு."

"பேக்கரியில என்ன?"

சின்னவள் கொஞ்சம் தயங்கினாள். "கேக்குல பேர் எழுதுறாரு."

பெரியவள் தண்ணீர்க் குடத்தை மூடினாள். அன்றிலிருந்து அவர் அவளுக்குக் கேக்குக்காரன்.

அவள் உள்ளே போனதும் வீட்டுக்காரம்மா என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சிக்கு முன்னாடி ஆகுதுல்ல, தம்பி. வயிறு எரியத்தான் செய்யும். நான் ஒண்ணும் சொல்லிக்கிறதில்ல."

தாழ்த்திய குரல் அடுப்படி வரை கேட்கும். பெரியவள் வாசலில் வந்து நின்றாள்.

"கல்யாணம் அவ பண்ணிக்கட்டும்மா. நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. கவர்தான்."

"கவரா? ஒரு கவருக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிற?"

"ஒரு கவர் இல்ல. நூத்தியெண்பது."

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அவர் நம்பவில்லை. யாரும் நம்பவில்லை.

கவர் எழுதுகிறவர் செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு, பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கையோடு வந்தார். நாற்பதைத் தாண்டிய ஒல்லி ஆள். சட்டையில் வெண்ணெய் வாசனை. அன்றுதான் மழை பிடித்தது, நான்கு நாள் விடவில்லை. எங்கள் அலுவலகத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் எனக்கும் விடுமுறை. தண்ணீர் வாரிய அலுவலகத்துக்குள் தண்ணீர் என்று வீட்டுக்காரர் இரண்டு நாள் சிரித்தார்.

எழுத்துக்காரர் சாப்பாட்டு மேசையைத் துடைத்தார். அதன் ஆட்டத்தை நிறுத்த ஒரு காலுக்கடியில் அட்டை மடித்து வைத்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். மைப்புட்டியை, நடுவில் குழி வெட்டிய ஒரு மரக்கட்டைக்குள் இறக்கினார். எவ்வளவு தட்டினாலும் கவிழாது. பிறகு உட்கார்ந்து, எழுதாமல், கையைக் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல ஒண்ணு கேக்கணும். லிஸ்டுல யார் யாரு ஒண்ணு, யார் யாரு ரெண்டு, யார் யாரு மூணு?"

வீட்டுக்காரம்மாவுக்குப் புரியவில்லை.

"கை சூடாக ஒரு அம்பது கவர் ஆகும்மா. அது சுமாராத்தான் வரும். அப்புறம் நல்லா வரும். அதுலயும் ஒரு நாப்பது இருக்கு, அதுதான் என் எழுத்து. கடைசில கை தளந்துடும். அந்த நாப்பது யாருக்குப் போகணும்னு வீட்டுல உள்ளவங்கதான் சொல்லணும். நான் பாட்டுக்கு லிஸ்டு வரிசையில எழுதினா நல்ல எழுத்து கேஸ் சிலிண்டர் போடுறவருக்குப் போயிடும். போன வருஷம் ஒரு வீட்டுல அப்படித்தான் ஆச்சு. மாப்பிள்ளையோட மேலதிகாரிக்குச் சுமார் எழுத்து, பக்கத்து வீட்டுக்காரனுக்கு மொத எழுத்து. இன்னும் பேசிக்கிறதில்ல."

"யாரு யாரோட?"

"யாரும் யாரோடயும்."

நம்பரைக் கவர் மடிப்பின் உள்பக்கம் பென்சிலால் சின்னதாகப் போட்டுவிட வேண்டும். அதைப் பார்த்து மூன்று அடுக்காகப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் எழுதுவார். கவர் தடிமன், அடியில் விளக்கு வைத்தாலும் கோடு தெரியாது. அதனால் மேலேயும் பென்சில் கோடு போட்டுத்தான் எழுத வேண்டும். மை காய்ந்த பிறகு கோட்டையும் நம்பரையும் அழிக்க ஒரு ஆள் தேவை.

"ஈரத்துல தேச்சா இழுத்துக்கும். அழுத்தினா கவர்ல நார் கெளம்பிடும். கை பதமா இருக்கணும்," என்றார்.

"அக்கா செய்வா," என்றாள் சின்னவள். "அவளுக்குத்தான் கை பதம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். பெரியவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரியவள் போன வருடமே எழுதி வைத்த பட்டியல் அது. வீட்டுக்காரம்மா பெயரை வாசிக்க வாசிக்கச் சின்னவள் பென்சிலால் பட்டியலிலும் கவரிலும் நம்பர் போட்டாள். வீட்டுக்காரம்மாவின் அண்ணன், ஒன்று. மாப்பிள்ளையின் சித்தப்பா, ஒன்று. கண்ணாடிக் கடை முதலாளி, ஒன்று.

"என் தங்கச்சி?" என்றார் வீட்டுக்காரர்.

"மூணு."

"மூணா?"

"என் கல்யாண போட்டோவுல எனக்கு முன்னாடி வந்து நின்னவ. முப்பத்தஞ்சு வருஷமா அந்தப் போட்டோவுல நான் அரை ஆளாத்தான் நிக்கிறேன். அவளுக்கு நல்ல எழுத்து கேக்குதா?"

"அவ தெரியாம நின்னிருப்பா."

"தெரியாம நிக்கிறவ அப்படிச் சிரிப்பாளா?"

"அம்மா, பாவம்மா அத்தை," என்றாள் சின்னவள். "ரெண்டு போடுறேன்."

"மூணு."

சின்னவள் மூன்று போட்டாள். வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டார்.

என் பெயர் வந்தது. பெயருக்கு எதிரே 'இருவர்' என்று பெரியவள் எழுதியிருந்தாள். சின்னவள் என்னைப் பார்க்காமல் அதை அடித்து 'ஒருவர்' என்று மாற்றினாள்.

"ரெண்டு," என்றார் வீட்டுக்காரம்மா, நான் எதிரில் இருந்ததால். பிறகு என் கவர் என் கைக்கு வந்தபோது மடிப்பைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ரப்பர் போட்டாலும் பென்சில் அழுத்திய தடம் தெரியும். பின்னால் மாற்றியிருக்கிறார்கள், மூன்றுதான். நியாயம்தான் என்று நினைத்தேன். ஆனாலும் சாய்த்துப் பார்த்திருக்கிறேன்.

பட்டியல் முடிந்ததும் பெரியவள் கேட்டாள். "நான் எத்தனாம் நம்பர்?"

"நீ வீட்டு ஆளு. உனக்கு எதுக்குடி கவர்?"

"எனக்கு அதுவும் கெடையாது," என்றாள்.

எழுத்துக்காரர் புது நிப்பை வாயில் வைத்து ஊறவைத்தார். எடுத்துத் துணியில் துடைத்தார். மையில் தோய்த்தார்.

"எச்சில் பண்ணிட்டுத்தான் எழுதுவீங்களா?" என்றாள் பெரியவள்.

"புது நிப்புல எண்ணெய் இருக்கும்மா. மை பிடிக்காது."

"கேக்குலயும் இப்படித்தானா?"

"கேக்குல நிப்பு இல்ல."

"கேக்குல எழுதுறதுக்கும் கவர்ல எழுதுறதுக்கும் என்னதான் வித்தியாசம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கேக்குல தப்பா எழுதினா தின்னுடலாம்."

வீட்டுக்காரர் மறுபடி சிரித்தார். இந்த முறை வீட்டுக்காரம்மாவும் சிரித்தார். பெரியவள் ரப்பரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

மழையில் மை காயக் கால்மணி நேரம் ஆனது. மேசை, அலமாரி, தையல் மெஷின் பலகை, ஜன்னல் விளிம்பு, எங்கும் கவர்கள் மல்லாந்து கிடந்தன. மின்விசிறி இல்லாமல் எல்லோருக்கும் வியர்த்தது. அவர் ஒரு துணிப் பொட்டலத்தில் சாக்பீஸ் பொடி கட்டி வைத்திருந்தார். விரல் படும் இடத்தில் கவரை அதனால் ஒற்றிக்கொள்வார். கீழே இழுக்கும் கோட்டுக்கு மூச்சை விடுவார், மேலே தூக்கும் கோட்டுக்கு வாங்குவார். ஒரு பெயர் முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு விரல்களைப் பூனை மாதிரி விரித்து மடக்குவார். கெட்டுப்போனதை அங்கேயே நான்காகக் கிழிப்பார். இருநூறில் பட்டியலுக்குப் போக மீதி இருபதை அதற்காகக் கேட்டு வாங்கியிருந்தார்.

பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றரைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்காருவாள். அழிப்பாள். அழிக்கிற சாக்கில் ஒவ்வொன்றையும் பார்ப்பாள்.

இரண்டாம் நாள் அவர் தேநீருக்கு எழுந்தபோது அடுப்படி அலமாரியைப் பார்த்தார்.

"டப்பால எழுதினது யாரு?"

"நான்தான்," என்றாள் பெரியவள். அலமாரிப் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வரிசை முழுக்கப் பார்த்தார்.

"நேரா இருக்கு," என்றார். தேநீரை வாங்கிக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் அவள் கேட்டாள். "நேரா இருக்குன்னா என்ன தம்பி அர்த்தம்?"

"நேரா இருக்குன்னுதான்."

"அவ்வளவுதானா? நல்லா இருக்குன்னு சொல்ல வாய் வரலயா? இல்ல, நேரா மட்டும்தான் இருக்கா?"

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"செவுரு கூடத்தான் நேரா இருக்கு," என்றாள்.

மூன்றாம் நாள் ஒன்றாம் நம்பர் அடுக்கு. அந்த நாற்பது. அன்று அவர் வந்தது முதல் யாரோடும் பேசவில்லை. தரை அதிர்கிறது என்று வீட்டுக்காரம்மா தானாகவே மெஷினை நிறுத்தினார். மழைச் சத்தமும் நிப்பு காகிதத்தில் உரசும் சத்தமும்தான். எழுத்து முதல் இரண்டு நாள் வந்ததைப் போல இல்லை. ஒவ்வொரு பெயரும் யாரோ நடந்துபோய்த் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்கே தெரிந்தது.

பெரியவள் அழிக்கவில்லை. ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் மற்றவரை அப்படிப் பார்த்து நான் அதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கைப் பெண் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு நடந்து போனபோது. பார்த்தது என் மனைவி.

அன்று படிக்கட்டில் பெரியவள் வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"நல்லா எழுதுறான், தம்பி."

"ம்."

"சுமாரா எழுதியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். இவளும் ஏமாந்துட்டான்னு வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். எரியுதே, எதுக்குன்னு தெரியுமா? சுழி போடுறப்ப நிப்ப உள்பக்கமாத் திருப்புறான். நான் பன்னெண்டு வருஷமா வெளிப்பக்கமாத் திருப்பிக்கிட்டிருக்கேன். அவ்வளவுதான் வித்தியாசம். யாரும் எனக்குச் சொல்லல. நானும் கேக்கல. இவ்வளவுதானாடா விஷயம்னு இருக்கு."

கீழே சின்னவள் அவளைக் கூப்பிட்டாள். இரண்டு முறை. அவள் போகவில்லை. அந்த வீட்டில் அக்காவும் தங்கையும் சண்டை போட்டுக்கொள்ளும்போது எனக்கும் ஒன்று எரியும். சண்டை போட ஒரு ஆள் அவர்களுக்கு இருக்கிறது.

அடுத்த நாள் பெரியவள் நடுவிரலில் மை இருந்தது. எழுத்துக்காரர் கிழித்துப் போட்ட கவர்களில் பெரிய துண்டுகளைக் குப்பைக் கூடையில் காணோம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. அவர் மைப்புட்டியைக் கட்டையோடு பையில் வைத்தார். மீதி இருந்த நல்ல கவர் ஒன்றே ஒன்று, அதைச் சின்னவளிடம் கொடுத்தார். பெரியவளைப் பார்த்து, "நல்லா அழிச்சீங்க, ஒண்ணுல கூட நார் கெளம்பல," என்றார். அவள் தலையாட்டினாள். அவர் தெரு முனை திரும்பும் வரை ஜன்னலில் நின்றாள்.

சனிக்கிழமை காலை ஒட்டும் வேலை. பெரியவள் கடைசி அடுக்கின் கோடுகளை அழிப்பாள், மடிப்பைத் தூக்கி நம்பரை அழிப்பாள், பத்திரிகையை உள்ளே வைத்து என்னிடம் தள்ளுவாள். நான் பசை தடவி ஒட்டுவேன். நூறு கவருக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசாமல் செய்தோம். ரப்பர்த் துகளை அவ்வப்போது ஊதினாள்.

அத்தையின் கவர் வந்தது. மேலே இருந்த கோடுகளை அழித்தாள். மடிப்பைத் தூக்கினாள். மூன்று என்று இருந்தது. அதன்மேல் ரப்பரை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு ரப்பரை எடுத்துவிட்டாள். பத்திரிகையை உள்ளே வைத்தாள்.

"ஒட்டு," என்றாள்.

ஒட்டினேன். கேட்டிருக்கலாம். அந்த நாட்களில் நான் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

ஒன்றாம் அடுக்கை நேரில் போய்க் கொடுத்தார்கள். இரண்டும் மூன்றும் திங்கட்கிழமை தபாலில் போயின. வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அத்தை வந்து நின்றார். இரண்டு மணி நேர பஸ். மறுபடி பிடித்த மழையில் குடையையும் மீறி நனைந்திருந்தார். கனத்த உடம்பு, உரத்த குரல். நான் வேலையிலிருந்து வந்து படிக்கட்டில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கூடத்துக் கதவு திறந்திருந்தது. ஐந்து பேரும் தெரிந்தார்கள்.

"அண்ணே, கவர் வந்துச்சு. அடேயப்பா, என்ன எழுத்து. தபால்காரனுக்கே எங்கிட்டக் குடுக்க மனசு வரல. எங்க தெருவுல எல்லாத்துக்கும் காட்டிட்டேன்." ஈரப் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகச் சுற்றிய கவரை எடுத்தார். "ஒரு சந்தேகம் அண்ணி. பக்கத்து ஊர்ல ஒரு துக்கம் கேக்க வந்தேன், அப்படியே இதையும் கேட்டுட்டுப் போயிடலாம்னுதான். உள்ள மூணுன்னு போட்டிருக்கே, என்ன அது? சாப்பாட்டு மேசை நம்பரா?"

வீட்டுக்காரம்மாவின் தையல் மெஷின் நின்றது.

"ஆமா. மேசை நம்பர்தான்."

"ஆமா அத்தை," என்றாள் சின்னவள். "மேசை."

"நல்ல எடமா? காத்து வருமா? போன கல்யாணத்துல என்னைக் கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்துல வெச்சுட்டாங்க. வெந்து போயிட்டேன்."

"ஜன்னலோரம்," என்றார் வீட்டுக்காரம்மா.

"அப்ப சரி," என்றார் அத்தை. அதோடு முடிந்திருக்கும். வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றி மூச்சு விட்டார்.

"மேசை நம்பர் இல்ல அத்தை," என்றாள் பெரியவள்.

யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்க நேரமில்லை. எழுத்துக்காரர் கேட்டது, பட்டியலைப் பிரித்தது, கை சூடாவது, தளர்வது, எல்லாவற்றையும் பள்ளிக்கூட அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னாள்.

அத்தை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மூணுன்னா கை தளந்தப்புறம் எழுதினதா?"

"ஆமா."

"யாரு போட்டது?"

வீட்டுக்காரம்மா மெஷினிலிருந்து துணியை உருவி மடியில் போட்டுக்கொண்டார்.

"உங்கள மூணுல போட்டது நான் இல்ல," என்றாள் பெரியவள். "அழிக்காம விட்டது நான்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

சின்னவள் எழுந்தாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. "உனக்கு ஆகலைன்னா எனக்கும் ஆகக் கூடாதா அக்கா? அதுக்குத்தானே? தெருவுல எல்லாரும் சொன்னாங்க. நான்தான் எங்க அக்கா அப்படி இல்லைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."



அத்தை வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். "நான் எதுக்கு அண்ணி மூணு?"

வீட்டுக்காரம்மா துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "போட்டோ," என்றார்.

"எந்தப் போட்டோ?"

"என் கல்யாண போட்டோ."

அத்தைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு முகம் மாறியது. "அதுவா. எங்க அண்ணனக் கூட்டிக்கிட்டுப் போறீங்களேன்னு இருந்துச்சு எனக்கு. பதினாறு வயசு. வேணும்னேதான் வந்து நின்னேன். அப்புறம் வெக்கமாப் போச்சு. சொல்ல வாய் வரல."

"முப்பத்தஞ்சு வருஷமா?"

"வராதது வரலதானே அண்ணி."

மழை பலத்தது. வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "இப்ப என்ன, அந்த நம்பர அழிச்சுட்டாப் போச்சு. ரப்பர எடு."

"நம்பர அழிச்சா? மேல எழுதினது தளந்த கைதானே அண்ணே? தெரிஞ்சப்புறம் இத நான் எப்படி வீட்டுல வெச்சுக்கறது? எனக்கு வேற கவர் வேணும். அப்பத்தான் கல்யாணத்துக்கு வருவேன்."

"அவர நாளைக்கே வரச் சொல்றேன் அத்தை," என்றாள் சின்னவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"எனக்கு ஆறு மணிக்கு பஸ். அழிக்காம விட்டாளே, அவ எழுதட்டும்."

சின்னவள் அக்காவைப் பார்க்கவில்லை. உள்ளே போய், மிச்சமிருந்த அந்த ஒரு கவரை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றாள்.

பெரியவள் தன் பேனாவையும் மையையும் கொண்டுவந்தாள். உட்கார்ந்தாள். ஸ்கேலை வைத்து இரண்டு கோடு போட்டாள். புது நிப்பை எடுத்தாள். வாயில் வைத்துக்கொண்டாள். நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசை ஆடியது. வீட்டுக்காரர் குனிந்து அட்டையைச் சரியாகச் செருகினார். அவள் மூச்சை விட்டு முதல் கோட்டை இழுத்தாள்.

ஒரு பெயர், இரண்டு வரி முகவரி. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. எழுத்து முடிந்தும் பேனாவை உடனே வைக்கவில்லை. சுழிகள் எல்லாம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. நான் படியிறங்கிக் கதவருகே வந்திருந்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியாது.

கல்யாணம் முடிந்து இத்தனை நாளாகியும், கவர் எழுதிய அன்று பெரியவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பதை அந்த வீட்டில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அம்மா காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள் என்கிறார் வீட்டுக்காரம்மா. எனக்கும் ஒரு வழி பண்ணுங்க என்று அழுதாள் என்கிறார் அத்தை, அதை நம்பி இரண்டு மூன்று இடத்தில் மாப்பிள்ளையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டாள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சின்னவள் மட்டும் எதுவும் சொல்வதில்லை.

நடந்தது இதுதான். சின்னவள் சுவரோரத்திலிருந்து வந்தாள். பழைய கவரையும் புதுக் கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு மற்றதை. அவள் கடையில் செய்கிற வேலை மாதிரியே.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "அவர் எழுதின மாதிரியே இருக்கு."

பெரியவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மாதிரி இருக்கான்னு நான் கேக்கல. அவர் எழுதினதவிட நல்லா இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு."